கைமாற்றுக் காசா, கமிஷன் காசா? ஹோல்சேலிங்கும் ஏஜெண்ட் வேலையும்

ஊரில் நிலத்துக்குக் கிரய ஒப்பந்தம் எழுதும்போது "தங்களுக்கோ அல்லது தாங்கள் கைகாட்டும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்க" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை நம்பி அமெரிக்காவில் ஒரு தொழிலே நடக்கிறது. அதற்குப் பெயர் ஹோல்சேலிங். வீட்டை வாங்குவதில்லை, விற்பதுமில்லை. வாங்குவதாக ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தை இன்னொருவருக்குக் கைமாற்றி, நடுவில் நிற்கும் தொகையை எடுத்துக்கொள்வது. ஊரில் அட்வான்ஸ் போட்டுவிட்டுப் பத்திரத்தை வேறு பார்ட்டி பெயரில் பதிவு செய்து கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான்.

உபரி வருமானம் தேடி ரியல் எஸ்டேட் பக்கம் வருகிறவர்கள் இதையும் லைசன்ஸ் பெற்ற ஏஜெண்ட் வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். "ஒன்றுக்குப் படிப்பும் பரீட்சையும் உண்டு, மற்றதற்கு இல்லை" என்பதோடு பெரும்பாலும் ஒப்பீடு முடிந்துவிடுகிறது. அது மேலோட்டமான வித்தியாசம், அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் கரைந்துகொண்டே வருகிறது. ஏஜெண்ட் விற்பது தன் உழைப்பை. ஹோல்சேலர் விற்பது ஒரு காகிதத்தை. வீட்டுக்காரருக்கு நல்ல விலை கிடைத்தால் ஏஜெண்டுக்கும் கூடுதல் வருமானம். ஹோல்சேலருக்கு நேர் எதிர். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

கீழே டெக்சாஸை அடிப்படையாக வைத்துப் பேசுகிறோம். மற்ற மாநிலங்கள் வேறுபடும் இடங்களில் சொல்கிறோம்.

ஒரே வீடு, இரண்டு கணக்கு

கூரை ஒழுகுகிறது, ஏ.சி. ஓடவில்லை, அடுக்களை 1980களில் போட்டது. எல்லாம் சரிசெய்தால் அக்கம்பக்கத்து விலைப்படி 2,20,000 டாலருக்குப் போகும். சரிசெய்யும் செலவு 40,000.

ஹோல்சேலரின் கணக்கு 70 சதவீதத்தில் தொடங்கும். 2,20,000-இல் 70 சதவீதம் 1,54,000. ரிப்பேர் 40,000 கழித்தால் 1,14,000. வாங்கிச் சரிசெய்து விற்கும் முதலீட்டாளர் அதிகபட்சம் தரக்கூடியது இதுதான். தன் பங்காக 10,000 வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் 1,04,000-க்கு மேல் பேசக் கூடாது. மிச்சமிருக்கும் 30 சதவீதம் முழுக்க முதலீட்டாளரின் லாபம் என்று நினைக்க வேண்டாம். தனியார் கடனுக்கு வட்டி, நான்கைந்து மாத வரியும் இன்சூரன்ஸும், கடைசியில் விற்கும்போது கமிஷன், பத்திரச் செலவு எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். கூரையைப் பிரித்த பிறகு அடியில் பலகை உளுத்திருப்பது தெரிந்தால் அந்தச் செலவும் அதிலேதான்.

அதே வீட்டை ஏஜெண்ட் இருக்கிறபடியே எம்.எல்.எஸ்.ஸில் (ஏஜெண்டுகள் விற்பனை வீடுகளைப் பகிரும் பொதுப் பட்டியல்) போடுகிறார். போட்டியில் 1,38,000-க்குப் போகிறது என்று வையுங்கள். வாடகைக்கு விட வாங்குகிறவரும் தானே சரிசெய்து குடியேற நினைப்பவரும் 70 சதவீதக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை, அதனால் விலை ஏறும். விற்பவர் பக்கக் கமிஷன் 3 சதவீதம் என்றால் 4,140 டாலர். தான் சேர்ந்திருக்கும் புரோக்கரோடு 70-க்கு 30 என்று பங்கு இருந்தால் ஏஜெண்ட் கையில் 2,898. வாங்குபவரின் ஏஜெண்டுக்கு 2.5 சதவீதமும் டைட்டில் (வில்லங்கம் பார்த்துப் பத்திரம் மாற்றும்) செலவுகளும் போக வீட்டுக்காரருக்கு ஏறத்தாழ 1,28,000 நிற்கும்.

ஆக, அதே வீட்டில் ஹோல்சேலருக்கு 10,000, ஏஜெண்டுக்கு 2,900. வீட்டுக்காரருக்கோ 1,04,000 எதிர் 1,28,000. இந்த 24,000 டாலரை விட்டுக்கொடுத்து வீட்டுக்காரர் வாங்குவது வேகம். இரண்டு வாரத்தில் பணம், ஆட்கள் வந்து பார்க்கும் தொல்லை இல்லை, பழைய சாமானைக்கூட அப்படியே விட்டுப் போகலாம். வங்கி ஏலம் நெருங்கிவிட்ட ஒருவருக்கு அது நியாயமான பேரமாக இருக்கலாம். நிதானமாக ஆறு வாரம் காத்திருக்க முடிந்த ஒரு மூதாட்டிக்கு அது நியாயமில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் இந்த இருவரில் யார் என்பது ஹோல்சேலருக்கு முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்கிறார் என்பது அவரவர் மனசாட்சி. ஏஜெண்டுக்கு அந்தச் சலுகை இல்லை, வாடிக்கையாளர் நலனைத் தன் நலனுக்கு மேல் வைக்கச் சட்டமே அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது.

லைசன்ஸ் எடுக்க ஆகும் செலவும் நாளும்

டெக்சாஸில் 180 மணி நேரப் பாடம். 30 மணி நேரம் வீதம் ஆறு வகுப்புகள்: அடிப்படைகள் இரண்டு, ஏஜென்சி சட்டம், ஒப்பந்தச் சட்டம், மாநிலம் வகுத்த ஒப்பந்தப் படிவங்கள், வீட்டுக்கடன். ஃபுளோரிடாவில் 63 மணி நேரம் போதும், கலிஃபோர்னியாவில் 135, நியூ ஜெர்சியில் 75. ஆன்லைனில் படிக்கலாம். கட்டணம், கைரேகை, விண்ணப்பம், தேர்வு எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலரை ஒட்டி வரும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு மூன்று முதல் ஆறு மாதம்.

பாஸ் செய்ததும் தனியாகக் கடை போட முடியாது. ஒரு புரோக்கரின் கீழ் சேர வேண்டும். கமிஷன் எதுவானாலும் முதலில் அவர் கைக்குப் போய்த்தான் உங்களுக்கு வரும். வாடிக்கையாளரிடம் நேராக ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. பலருக்குப் பின்னால்தான் உறைக்கும் இன்னொன்று: விற்பனைக்கு எடுத்த வீட்டின் ஒப்பந்தம் சட்டப்படி புரோக்கருடையது, உங்களுடையதல்ல. நடுவில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் அவர் சம்மதமில்லாமல் அந்த வீட்டை உடன் எடுத்துப் போக முடியாது.

சங்கச் சந்தா, எம்.எல்.எஸ். கட்டணம், வீட்டுச் சாவி இருக்கும் பூட்டுப்பெட்டியைத் திறக்கும் செயலி, தொழில்பிழைக் காப்பீடு என்று ஆண்டுக்கு 1,500 முதல் 2,500 டாலர் வரை, ஒரு வீடுகூட விற்காவிட்டாலும் போகும். முதல் கமிஷன் கைக்கு வர லைசன்ஸ் வந்த நாளிலிருந்து நான்கைந்து மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆள் பிடிக்க இரண்டு மாதம், வீடு பார்க்க ஒரு மாதம், ஒப்பந்தமான பிறகு வங்கிக்கடன் முடிய 30 முதல் 45 நாள்.

2024 ஆகஸ்ட் 17-க்குப் பிறகு இன்னொரு மாற்றம். ஏஜெண்ட் கமிஷன் தொடர்பாக கான்சஸ் சிட்டி நீதிமன்றத்தில் 2023 அக்டோபரில் வந்த தீர்ப்பையடுத்து, தேசிய ரியல்டர்கள் சங்கம் 418 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதன்படி, வாங்குபவரின் ஏஜெண்டுக்கு எவ்வளவு கமிஷன் என்று எம்.எல்.எஸ்.ஸில் இனிப் போடக் கூடாது. வீட்டைக் காட்டக் கூட்டிப்போகும் முன்பே வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதில் கட்டணம் தெளிவாக இருக்க வேண்டும். "எனக்கு விற்பவர் தருவார், உங்களுக்குச் செலவில்லை" என்று சிரித்துச் சமாளித்த காலம் போய், "என் கட்டணம் இவ்வளவு" என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லத் தயங்குகிறவருக்கு இந்த வேலை கஷ்டம்.

ஹோல்சேலிங்கில் பணம் எங்கே போகிறது

"கைக்காசு இல்லாமல் தொடங்கலாம்" என்பார்கள். வீட்டுக்குப் போடும் முன்பணம் 10 டாலராகக்கூட இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்காரரைக் கண்டுபிடிப்பதற்குத்தான் காசு. வரி பாக்கி, வாரிசுச் சொத்து, வெளியூரில் இருக்கும் உரிமையாளர் என்று பட்டியல் வாங்க வேண்டும். போன் நம்பர் தேடித் தரும் சேவைக்குக் கட்ட வேண்டும். தபால் அனுப்ப வேண்டும். அஞ்சலட்டை ஒன்றுக்கு அச்சும் தபால்தலையும் சேர்த்து 60 சென்ட் பக்கம். ஆயிரம் அட்டைக்கு ஐந்து முதல் பத்து அழைப்பு வந்தால் பரவாயில்லை எனலாம், அதிலும் பாதி "இனி அனுப்பாதே" என்று திட்டுவதற்காக வருபவை. மாதம் 3,000 அட்டை என்றால் 1,800 டாலர், அதை விடாமல் நான்கைந்து மாதம். முதல் மாதத்தோடு நிறுத்துகிறவர்களே அதிகம், காசும் அங்கேதான் வீணாகிறது.

அட்டைக்குப் பதில் போன் போட்டால் செலவு குறையும், ஆபத்து கூடும். அழைக்காதே பட்டியலில் இருக்கும் எண்ணுக்கு மறுபடி மறுபடி விற்பனை அழைப்பு செய்தாலோ, அனுமதி பெறாமல் கைப்பேசிக்குப் பதிவுக் குரல் அனுப்பினாலோ, கூட்டாட்சிச் சட்டத்தில் அழைப்பு ஒன்றுக்கு 500 டாலர், தெரிந்தே செய்தால் 1,500 வரை வழக்குப் போட்டு வாங்கலாம். அதற்கென்றே காத்திருக்கும் ஆட்கள் உண்டு. வேறு நாட்டிலிருந்து அழைக்க ஆள் வைத்தாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

சரி, வீட்டுக்காரர் கிடைத்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாயிற்று. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது மூன்று வரி. வாங்குபவர் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அவரால் உரிமை மாற்றப்படுபவர்" என்ற வரி இருக்கிறதா. காரணம் சொல்லாமல் விலகும் உரிமை எத்தனை நாள். டெக்சாஸ் படிவத்தில் இதற்குத் தனிக் கட்டணம் கொடுத்து ஏழு, பத்து நாள் வாங்கலாம், அந்த நாளுக்குள் முதலீட்டாளர் கிடைக்காவிட்டால் வெளியே வரும் வழி இதுதான். மூன்றாவது, ஆளை அழைத்துவந்து வீட்டைக் காட்டும் அனுமதி. இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு, நான்கு அந்நியர்களோடு போய்க் கதவைத் தட்டி, "நீதானே வாங்குகிறேன் என்றாய்?" என்று கேட்கப்பட்டு ஒப்பந்தம் முறிந்த கதைகள் ஏராளம்.

அடுத்து டைட்டில் கம்பெனி. வில்லங்கம் பார்த்து, பணத்தை நடுவில் வைத்திருந்து, பத்திரத்தை மாற்றித் தரும் இடம். எல்லா டைட்டில் கம்பெனியும் ஒப்பந்தக் கைமாற்றத்துக்கு ஒத்துழைப்பதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மலிவாகக் கிடைக்கும் வீட்டில் வில்லங்கமும் கூடவே வரும்: செத்துப்போன அண்ணன் பெயர் இன்னும் பத்திரத்தில், நகராட்சி புல் வெட்டியதற்குப் போட்ட பாக்கி, பழைய கூரை வேலைக்காரர் தன் கூலி பாக்கிக்காகச் சொத்தின்மேல் போட்ட பற்றுரிமை. வாரிசு நீதிமன்றம் போக வேண்டியிருந்தால் இரண்டு வார வியாபாரம் ஆறு மாதமாகும்.

வாங்குபவர் ரொக்கக்காரராகவோ தனியார் கடன் வாங்குபவராகவோ இருக்க வேண்டும். எஃப்.எச்.ஏ. (மத்திய அரசு காப்பீடு தரும் வீட்டுக்கடன்) கடனில் வாங்குபவருக்கு இந்த ஒப்பந்தத்தைக் கைமாற்ற முடியாது, விற்பவர் பதிவேட்டில் உள்ள உரிமையாளராக இருக்க வேண்டும் என்பது விதி. வாங்கி 90 நாளுக்குள் மறுபடி விற்கும் வீட்டுக்கும் அந்தக் கடன் கிடைக்காது. வங்கி பறிமுதல் செய்து விற்கும் வீடுகளின் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் உரிமை மாற்றத் தடை இருக்கும்.

கைமாற்றுத் தொகை இறுதிக் கணக்குத்தாளில் தனியாக எழுதப்பட்டு வரும், எல்லோர் கண்ணிலும் படும். 1,04,000-க்கு விற்றவர் அதே தாளில் உங்கள் பெயருக்கு 25,000 என்று பார்த்தால் கையெழுத்துப் போடும் மேசையிலேயே பேனாவைக் கீழே வைத்துவிடுவார். இதைத் தவிர்க்கப் பெரிய தொகையாக இருந்தால் இரண்டு பத்திரமாகச் செய்கிறார்கள்: காலையில் நீங்கள் வாங்கி, மதியம் விற்பது. அப்போது இரண்டு செட் செலவு. இறுதி வாங்குபவரின் பணத்தை வைத்தே முதல் பத்திரத்தை முடிக்கப் பல டைட்டில் கம்பெனிகள் விடுவதில்லை, ஒருநாள் கடனுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை கொடுத்து எடுக்க வேண்டியிருக்கும். வீட்டுக்காரரிடம் மறைக்கத்தான் இந்தச் செலவு என்றால், பேசிய விலையில்தான் ஏதோ கோளாறு.

"லைசன்ஸ் வேண்டாம்" என்பது எவ்வளவு தூரம் உண்மை

டெக்சாஸில் ஒப்பந்த உரிமையை விற்க லைசன்ஸ் வேண்டாம். ஆனால் தான் விற்பது வீட்டையல்ல, ஒப்பந்தத்தில் உள்ள உரிமையை மட்டும்தான் என்று வாங்குபவரிடம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். விற்பவரிடமும் மறைக்காமல் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டின் படத்தைப் போட்டு "மூன்று படுக்கையறை வீடு விற்பனைக்கு" என்று விளம்பரம் செய்த கணமே, சொந்தமில்லாத வீட்டுக்குத் தரகு செய்தவராகிறீர்கள். லைசன்ஸ் இல்லாத தரகு குற்றம். பிடிபடுபவர்களில் பலர் இந்த விளம்பரத்தில்தான் பிடிபடுகிறார்கள்.

மற்ற மாநிலங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வருகின்றன. இல்லினாயில் 2019 முதல் 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் செய்தால் லைசன்ஸ் வேண்டும். ஒக்லஹோமா 2021-இல் தனிச் சட்டமே போட்டது. வர்ஜீனியாவில் 2024 ஜூலையிலிருந்து 12 மாதத்தில் இரண்டு செய்தாலே லைசன்ஸ். தென் கரோலினா 2024-இல் சொந்தமாகாத வீட்டை விளம்பரம் செய்வதைத் தரகு என்று வரையறுத்து, லைசன்ஸ் உள்ளவர்களும் ஹோல்சேலிங்கில் இறங்கக் கூடாது என்றது. பென்சில்வேனியாவில் 2025 ஜனவரி முதல் ஹோல்சேலருக்கு லைசன்ஸ் வேண்டும், விற்பவர் 30 நாள்வரை ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் உரிமை உண்டு. யாரோ ஒருவர் வீடியோவில் சொன்னது அவர் மாநிலத்தில், அவர் பேசிய ஆண்டில் சரியாக இருந்திருக்கலாம்.

வரியில் இரண்டும் ஒன்றுதான். மூலதன லாபச் சலுகை கிடையாது, சாதாரண வருமானம், அதன்மேல் 15.3 சதவீத சுயதொழில் வரி, காலாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டிக் கட்டுவது. 10,000 வந்தால் 3,000-ஐத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

அப்படியானால் எது?

வார இறுதியும் மாலை நேரமும் மட்டும் கையில் இருக்கிறது, தெரிந்தவர் வட்டம் பெரியது என்றால் ஏஜெண்ட் வேலைதான். டாலஸ் பக்கம் தமிழர்கள் நடுவில் புது வீடு வாங்குபவர்களுக்குக் கமிஷனில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது நெடுநாள் வழக்கம். டெக்சாஸ் அதை அனுமதிக்கிறது. 6,00,000 டாலர் புது வீட்டுக்குக் கட்டுநர் 3 சதவீதம் கொடுத்தால் 18,000. பாதியை வாங்குபவருக்கு விட்டாலும் 9,000, புரோக்கருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் பேசியிருந்தால் சில நூறு போக மீதி உங்களுக்கு. ஒரே நிபந்தனை: வாங்குபவர் முதல்முறை மாதிரி வீட்டுக்குப் போகும்போதே உங்கள் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் சும்மா பார்க்கப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் பல கட்டுநர்கள் கமிஷன் தருவதில்லை.

மாதம் 2,000 டாலர் ஆறு மாதம் போனாலும் தாங்கும், முகத்தில் அடித்தாற்போல் போனை வைப்பவர்களைப் பற்றிக் கவலையில்லை, ரிப்பேர் செலவைக் கண்ணால் பார்த்தே ஐந்தாயிரம் வித்தியாசத்துக்குள் சொல்லத் தெரியும் என்றால் ஹோல்சேலிங் ஒத்துவரும். அந்த மூன்றாவதுதான் உண்மையான தகுதி. 40,000 என்று சொல்லி அது 65,000 ஆனால் அந்த முதலீட்டாளர் இரண்டாம் முறை உங்கள் போனை எடுக்க மாட்டார்.

எங்கள் கணிப்பில், நீண்ட நாள் இந்தத் துறையில் இருக்க நினைப்பவர் எப்படியும் லைசன்ஸ் எடுத்துவிடுவது நல்லது. தபால் பார்த்து அழைப்பவர்களில் பெரும்பாலோர் 70 சதவீதத்துக்கு விற்கும் நெருக்கடியில் இருப்பதில்லை. லைசன்ஸ் இல்லாதவருக்கு அந்த அழைப்புகள் குப்பை. ஒரு ஏஜெண்டிடம் அனுப்பி அதற்குப் பணம் வாங்கினால் அதுவும் சட்டவிரோதம். லைசன்ஸ் இருந்தால் அதே ஆளிடம் "உடனே பணமா, இல்லை சந்தை விலையா" என்று இரண்டு எண்ணையும் மேசையில் வைக்கலாம். அதற்கு விலையும் உண்டு: எந்த ஒப்பந்தத்திலும் தான் லைசன்ஸ் உள்ளவர் என்று எழுத வேண்டும், புரோக்கர் அனுமதிக்க வேண்டும், சொந்த வியாபாரத்தைத் தொழில்பிழைக் காப்பீடு பெரும்பாலும் தாங்காது, புகார் வந்தால் பறிபோக லைசன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பல புரோக்கர்கள் ஹோல்சேலிங் என்ற சொல்லைக் கேட்டதுமே கை விரிப்பார்கள். சேருவதற்கு முன்பே இதைக் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இவ்வளவும் படித்துவிட்டு உற்சாகப்பட்டிருந்தால் மன்னிக்கவும். ஸ்பான்சர் செய்த நிறுவனத்தைத் தவிர வேறு எங்கும் உழைத்துச் சம்பாதிக்க அந்த விசா இடம் தராது. கமிஷனும் கைமாற்றுத் தொகையும் உழைத்த வருமானமாகவே பார்க்கப்படும். வேலை அனுமதி அட்டை உள்ள எச்-4 துணைவர், கிரீன் கார்டு உள்ளவர் செய்யலாம். துணைவர் பெயரில் லைசன்ஸை எடுத்துவிட்டு, வீடு காட்டுவதும் பேரம் பேசுவதும் எச்-1பி ஆளே செய்வது இங்கே சகஜமாக நடக்கிறது. அது விசா மீறல். போதாததற்கு லைசன்ஸ் இல்லாத தரகும் கூட.